பழைய சுடும் விளையாட்டுகளின் சிறப்பு அவற்றின் கட்ட அமைப்பில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளியான கணினி விளையாட்டுகள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். புதிய விளையாட்டுகளின் காட்சித் தெளிவை விரிவாகப் பாராட்டிய கட்டுரையாளர், 1990களில் வந்த சுடும் விளையாட்டுகளைக் கதையற்றவை, கண்ணில் பட்டதைச் சுடுவதற்கு மட்டுமே உரியவை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். அவற்றை இன்றும் விரும்பி ஆடிவரும் எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. கதை மெலிந்தது என்பது உண்மைதான். ஆனால் கதை செய்ய வேண்டிய வேலையை அங்கே இடம் செய்கிறது. சுவரையும் படியையும் சாளரத்தையும் எங்கே வைப்பது என்று அன்று எடுத்துக்கொண்ட அக்கறையினால்தான் அவை முப்பது ஆண்டுகள் கடந்தும் ஆடப்படுகின்றன.

1993 டிசெம்பரில் ஐடி சொஃப்ட்வெயார் நிறுவனம் வெளியிட்ட 'டூம்' விளையாட்டின் முதற் கட்டத்தையே, அதாவது ஆட்டக்காரர் முதலில் கடந்து முடிக்க வேண்டிய இடத்தையே, எடுத்துக்கொள்வோம். அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஜோன் ரொமேரோ அமைத்த அந்தக் கட்டம், வழி தெரிந்தவர் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடக்கூடிய அளவுக்குச் சிறியது. ஆட்டம் தொடங்கும் அறையின் ஒரு பக்கச் சுவரில் சாளரங்கள் உள்ளன. அவற்றின் ஊடாகத் திறந்த முற்றமும், அதன் நடுவே நீலநிறக் கவசமொன்றும் தெரிகின்றன. அங்கே செல்ல அந்த அறையில் வழியில்லை. எழுத்திலோ குரலிலோ எந்த அறிவித்தலும் வருவதில்லை. ஆயினும், அந்த முற்றத்துக்கு எப்படியாவது போய்விட வேண்டும் என்ற ஆவல் அந்தக் கணத்திலேயே மனதில் விழுந்துவிடுகிறது. அடுத்த அறைகளைக் கடந்து, பச்சைநிற நச்சுத் திரவத்தின் மேலே வளைந்து வளைந்து செல்லும் பாதையையும் கண்டு, பொறுமையோடு தேடுபவருக்கு மறைவழியொன்று அகப்படுகிறது. அது அவரை முற்றத்தில் கொண்டுபோய் விடுகிறது. சற்று முன்னர் தாம் நின்ற அறையை இப்போது வெளியிலிருந்து அதே சாளரங்களின் வழியே பார்க்கிறார்.

இது தற்செயலாக அமைந்ததன்று. வெளியே கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு ஆட்டக்காரர் போய்ச் சேரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது ரொமேரோ தமக்கென வகுத்துக்கொண்ட விதிகளில் ஒன்று. தரையின் தோற்றம் மாறும் இடத்தில் அதன் உயரமும் மாற வேண்டும், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் வேறுபாடு துலங்க வேண்டும், ஒரே இடத்துக்கு ஆட்டக்காரர் பலமுறை திரும்பிவர வேண்டும் என்பனவும் அவர் பின்பற்றியவையே. கடைசியாகச் சொன்னதே என் பார்வையில் முதன்மையானது. பூட்டிய கதவுகளுக்கான சிவப்பு, நீலம், மஞ்சள் திறப்புகளைத் தேடி அலையும்போது ஒரே மண்டபத்துக்கு வேறு வேறு வாசல்களால் வந்து சேருகிறோம். கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் வழிதவறியவர், இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசலைக் கண்டதும் தாம் நிற்கும் இடத்தை உணர்ந்துகொள்வது போல, அந்த மண்டபத்தைக் கொண்டு முழுக் கட்டத்தையும் மனதில் வரைந்துகொள்கிறோம். போகும் திசையை அம்புக்குறி இட்டுக் காட்டும் இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் இந்த வரைதலுக்குத் தேவையே எழுவதில்லை.

இவை அனைத்தும் மிகக் குறுகிய தொழில்நுட்ப எல்லைக்குள் செய்யப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். 1992இல் வந்த, அதே நிறுவனம் உருவாக்கிய 'வொல்ஃபென்ஸ்டைன் 3டி' விளையாட்டில் சுவர்கள் எல்லாம் ஒரே உயரம், மூலைகள் எல்லாம் செங்கோணம், தரை எங்கும் சமதளம். ஜோன் கார்மக் டூமுக்காக எழுதிய நிரல் இந்தத் தளைகளை அறுத்தது. எனினும் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறையை அதிலும் அமைக்க முடியாது. வரைபடம் மேலிருந்து பார்த்து வரைந்த தட்டையான கோட்டுச் சித்திரமே. அது பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தரையின் உயரம், கூரையின் உயரம், ஒளியின் அளவு ஆகியன எண்களாகக் கொடுக்கப்படுகின்றன. கதவாக நாம் காண்பது, கூரை மேலெழும் ஒரு சிறு பகுதிதான். மின்தூக்கி என்பது தரை கீழிறங்கும் பகுதி. இவ்வளவு எளிய கருவிகளைக் கொண்டு கோபுரம், நிலவறை, பாலம் போன்ற உணர்வுகளை எழுப்பியது பெரும் திறமை.

சண்டையும் இந்த இட அமைப்பிலிருந்தே பிறக்கிறது. இம்ப் என்னும் அரக்கன் எறியும் தீப்பந்து கண்ணால் பார்த்து விலகக்கூடிய வேகத்தில் வருவதால், விலகுவதற்குப் பக்கத்தில் இடம் உண்டா, பின்னால் தூண் உண்டா என்பதே உயிரைக் காக்கும் கேள்வியாகிறது. துப்பாக்கிச் சத்தம் திறந்த வழிகளால் அடுத்தடுத்த அறைகளுக்குப் பரவி, அங்குள்ளவற்றை விழிக்கச் செய்கிறது. ஓர் அரக்கனின் தாக்குதல் தவறி இன்னொன்றின் மேல் பட்டால், அவை தமக்குள்ளேயே மோதிக்கொள்கின்றன. இழந்த உடல்நலம் மறைந்து நின்றால் தானாகத் திரும்புவதில்லை. மருந்துப் பெட்டியைத் தேடி எடுக்க வேண்டும். ஆகவே எந்தக் கதவை இப்போது திறப்பது, எதைப் பிறகு திறப்பது என்று ஆட்டக்காரர் இடைவிடாது கணித்துக்கொண்டே இருக்கிறார். கண்ணில் பட்டதைச் சுடுவது மட்டும் போதுமென்றால் முதல் சில கட்டங்களுக்கு மேல் ஒருவரும் போக முடியாது.

அக்காலக் கட்டங்கள் எல்லாமே சிறந்தவை என்று சொல்லமாட்டேன். எங்கோ ஒரு மூலையில் அழுத்திய பொத்தானுக்கு வேறெங்கோ ஒரு சுவர் திறப்பதும், எது திறந்தது என அறியாமல் வெறுமையான அறைகளில் சுற்றுவதும் சலிப்பூட்டுபவை. அது வடிவமைப்பின் பிழைதான். அதைப் பழைமையின் பெயரால் மன்னிக்க வேண்டியதில்லை. குருதியும் கொடூரமும் நிறைந்த இவ்விளையாட்டுகள் சிறுவருக்குரியவை அல்ல என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. வயதெல்லையைப் பெற்றோர் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். க.பொ.த. உயர்தரம் முடித்து, கணினித் துறைக்குள் நுழையக் காத்திருக்கும் நம் இளைஞர்களுக்கு, இத்தகைய விளையாட்டுகளின் கட்டங்களை எவ்வாறு அமைப்பது என்பதைத் தமிழில் விளக்கும் தொடரொன்றைத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியிட வேண்டும். டூமின் மூலநிரல் 1997 இறுதியில் பொதுவெளிக்கு விடப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு இயங்கும் 'ஃப்ரீடூம்' என்னும் இலவச ஆக்கமும், கட்டங்களை வரைவதற்கான 'அல்டிமேட் டூம் பில்டர்' என்னும் இலவசச் செயலியும் எவருக்கும் கிடைக்கின்றன. ரொமேரோவே 2019இல் அதே பழைய விளையாட்டுக்கெனப் புதிய கட்டங்களை வெளியிட்டார். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பழைய மடிக்கணினியொன்றை வாங்கினாலும் போதும். சாளரம் ஒன்று, அதற்கு அப்பால் ஒரு முற்றம், அங்கே செல்ல ஒரு மறைவழி என்ற சிறிய பயிற்சியிலிருந்து தொடர் ஆரம்பிக்கலாம். தாங்கள் இணங்கினால் முதற் பகுதியை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.