இருக்கையை எண்ணும் முன் வேலையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பிறகு, வாரத்தில் சில நாள்கள் வீட்டிலும் சில நாள்கள் அலுவலகத்திலுமாக வேலை செய்யும் முறை பல நிறுவனங்களில் நிலைத்துவிட்டது. அதற்கேற்ப அலுவலகங்களை மாற்றியமைப்பதாகச் சொல்லும் நிர்வாகங்கள் பலவும், தலைக்கு எத்தனை சதுர அடி என்ற பழைய கணக்கை விட்டு இன்னும் வெளியே வரவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சராசரி வருகை பாதிதான் என்று கண்டதும் இருக்கைகளையும் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். திங்களும் வெள்ளியும் வெறிச்சோடிக் கிடக்கும் தளத்தில் புதன்கிழமை உட்கார இடமிருக்காது என்பதைச் சராசரி சொல்வதில்லை. பத்துப் பேருக்கான கூட்ட அறையில் ஒருவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு காணொலி அழைப்பில் பேசிக்கொண்டிருக்க, சேர்ந்து முடிக்க வேண்டிய வேலைக்காகவே அன்று வந்த நால்வர் மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி நடைவழியில் நின்று விவாதிக்கிறார்கள். அந்த ஒருவரைக் குறை சொல்லவும் முடியாது. தனியாகப் பேச அவருக்கு வேறு இடம் ஒதுக்கப்படவில்லை.

சுவர்களை எடுத்துவிட்டால் பேச்சு தானாகப் பெருகும் என்ற நம்பிக்கையும் ஆய்வுக்கு உரியது. ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த அமைப்புக்கு மாறிய இரு பெருநிறுவனத் தலைமையகங்களில் நேருக்கு நேரான உரையாடல் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. மின்வழித் தொடர்பு கூடியது. எல்லோர் கண்ணும் தன்மேல் படும் இடத்தில் மனிதர் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஒதுங்குவது இயல்புதானே. நல்ல நோக்கம் இடக்கணக்கில் சிதைவது முன்பும் நடந்திருக்கிறது: ஹெர்மன் மில்லர் என்ற அறைகலன் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் 1960-களில் உருவாக்கிய, தடுப்புப் பலகைகளால் அலுவலகத்தைப் பிரிக்கும் முறை, பணியாளர் தம் வேலைக்கேற்ப இடத்தை மாற்றிக்கொள்வதற்கானது, இட வாடகையை மட்டுமே பார்த்தவர்கள் அதை நெருக்கியடித்த அறைக்கட்டங்களாக்கிவிட்டார்கள்.

மாத இறுதியில் கணக்கை முடிப்பவருக்கு அமைதி தேவை. புதிதாகச் சேர்ந்தவருக்கோ மூத்தவரின் பக்கத்து நாற்காலி தேவை. கேட்கத் தயங்கும் சிறு சந்தேகங்கள் அங்கேதான் தீரும். இவற்றை வருகைப் பதிவேட்டிலிருந்து அறிய முடியாது. குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஒவ்வொரு குழுவும் எந்த வேலையை எங்கே, யாரோடு செய்கிறது என்பதை நிர்வாகங்கள் நேரில் பார்த்துக் கேட்டறிய வேண்டும். புதிய அமைப்பை முதலில் ஒரே ஒரு தளத்தில் நடத்திப் பார்த்து, அங்கே பணியாற்றியவர்கள் சொல்லும் குறைகளைச் சரிசெய்த பிறகே மற்ற தளங்களுக்கு விரிவாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்