தோல்வியடைந்த சோதனைகளையும் பதியச் சொல்லுங்கள்: திட்ட மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வேதிப்பொறியியல் ஆய்வுகளுக்கான திட்ட மதிப்பீட்டுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இறுதி ரிவ்யூவில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் பொருள் பற்றிய எங்கள் அறிக்கையின் கடைசிப் பின்னிணைப்பை எடுத்துவிட்டுத் திரும்பச் சமர்ப்பிக்கச் சொன்னீர்கள். சொன்னபடியே செய்துவிட்டோம். நிதி செலவான விதத்தைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழோடு அது உங்கள் கைக்கு வந்திருக்கும். எடுத்துவிட்ட அந்தப் பக்கங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எந்த வெப்பநிலையில் படிகம் உருவாகவில்லை, எந்த பைண்டர் (பொடியை ஒட்டவைக்கும் பசை) பொருளின் நுண்துளைகளை அடைத்தது, எந்த பெல்லட் (பொடியை இறுக்கிச் செய்த சிறு உருளை) நீராவி பட்டதும் உதிர்ந்தது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தோம். "முடிவுகளை மட்டும் கொடுங்கள்" என்றீர்கள். ஐயா, அம்மா, அவையும் முடிவுகள்தான். பொதுப்பணத்தில் கிடைத்த முடிவுகள்.

என் கோரிக்கை இது: அரசு நிதியில் நடக்கும் ஒவ்வொரு புதுப்பொருள் ஆய்வும் தன் தோல்வியடைந்த சோதனைகளை ஒரு பொதுத் தரவகத்தில் பதிய வேண்டும் என்று விதி செய்யுங்கள். மதிப்பீட்டில் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். புகைபோக்கி வாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க, செம்பை வைத்து ஓர் உலோக–கரிமக் கட்டமைப்பு (உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகள் இணைக்கும், நுண்துளைகள் நிறைந்த படிகம்) செய்தோம். லேபில் சில கிராம் பொடியாக இருந்தவரை அருமையாக வேலை செய்தது. ஆனால் பொடியை அப்படியே வாயு பாயும் டவரில் கொட்ட முடியாது, வாயு போக வழியிருக்காது. பெல்லட்டாக்க வேண்டும். வெறுமனே அழுத்தினால் துளைகள் நசுங்கின. பாலிவினைல் ஆல்கஹாலை பைண்டராகச் சேர்த்தால் பெல்லட் உறுதியாக இருந்தது, துளைகள் அடைத்துக்கொண்டன. விகிதத்தை மாற்றி மாற்றி ஒருவழியாகப் பிடித்தோம். அப்புறம், பிடித்த வாயுவை வெளியேற்ற நீராவியை விட்டோம். அழுத்த இழப்பு (டவரைக் கடக்கும்போது வாயு இழக்கும் அழுத்தம்) ஏறிக்கொண்டே போனது. டவரின் அடித்தட்டைக் கழற்றினால், கருநீல உருளைகளாகப் போட்டவை வெளிர்நீலச் சேறாகக் கையுறையில் ஒட்டின.

காரணத்தைத் தேடிப் பல மாதங்கள் போயின. பிறகு ஒரு கருத்தரங்கின் டீ இடைவேளையில், எங்கள் போஸ்டரைப் பார்த்த வேறொரு நிறுவன மாணவர் சொன்னார்: "சார், எங்க லேப்ல முன்னாடியே இதைச் செஞ்சாங்க. இதே பைண்டர்தான். இதே மாதிரி சேறாத்தான் போச்சு." விசாரித்தால், அந்தத் திட்டத்துக்கும் நிதி உங்களுடையது. அவர்களுடைய இறுதி அறிக்கையையும் தேடிப் படித்தேன். நன்றாக வந்த மாதிரிகள் மட்டுமே அதில் இருந்தன. நீராவியைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரே சேற்றுக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

பணம் போனால் போகட்டும். அந்த டவரைக் கழற்றி மாட்டிய எங்கள் ஆய்வு மாணவிக்கு உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. முதலில் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய் என்று வந்துகொண்டிருந்தது நின்றதும், ஆய்வேட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முன்னவர்களின் தோல்வி ஒரே ஒரு பக்கமாக எங்கள் கையில் இருந்திருந்தால் அவருக்கு அந்த மாதங்கள் மிஞ்சியிருக்கும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

உங்களில் பலர் வகுப்பில் அம்மோனியா தயாரிப்பைப் பாடமாக நடத்தியவர்கள். 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர், ஆஸ்மியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்து வினையை நடத்திக் காட்டினார். ஆஸ்மியமோ உலகிலேயே கொஞ்சம்தான் இருந்தது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் வேதிப்பொருள் கம்பெனியில் ஆல்வின் மிட்டாஷ் மாற்று வினையூக்கி தேடினார். சுவீடனின் கெல்லிவாரே சுரங்கத்து மேக்னடைட் என்ற இரும்புத் தாது ஒன்று மட்டும் அபாரமாக வேலை செய்தது. மற்ற இரும்பு மாதிரிகள் ஏமாற்றின. நல்லதையும் உதவாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான், ரகசியம் இரும்போடு கலந்திருக்கும் சிறு சேர்மங்களில் இருக்கிறது என்று அவர்களுக்குப் பிடிபட்டது. 1912 தொடக்கத்துக்குள் சுமார் 2,500 வினையூக்கிகள், 6,500 சோதனைகள். அலுமினாவும் பொட்டாசியமும் சேர்த்த அந்த இரும்பின் வழிவந்த வினையூக்கிகள்தான் இன்றும் உர ஆலைகளில் இருக்கின்றன. மிட்டாஷிடம் யாராவது "முடிவுகளை மட்டும் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2016இல் அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில், குறிப்பேடுகளில் கிடந்த தோற்ற வினைகளையும் சேர்த்து ஒரு கணினி மாதிரிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வனேடியம் செலினைட்டுகள் என்ற புதிய படிகச் சேர்மங்களை உருவாக்கும் நிலைமைகளை அது 89 விழுக்காடு சரியாகக் கணித்தது. அனுபவமுள்ள வேதியியலாளர்களின் கணிப்பு 78 விழுக்காடு. 2023இல் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிக அமைப்புகளைக் கணித்து, அவற்றில் 3,80,000 நிலையானவை என்றது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பட்டியலில் எதை எப்படிச் செய்வது, செய்தால் நீராவியைத் தாங்குமா என்பதைக் கணினிக்குச் சொல்லித்தர நம் பீரோக்களில் பூட்டிக் கிடக்கும் குறிப்பேடுகள் வேண்டும். கனடாவின் கால்கரியில் உருவாகி ஆலை அளவுக்கு வந்த கால்ஃப்-20 என்ற கார்பன் பிடிப்புப் பொருளுக்குப் பெயர் வாங்கித் தந்ததே, ஈரத்தையும் நீராவியையும் அது தாங்கியதுதான்.

நம் ஊரிலோ கட்டுரை எத்தனை, காப்புரிமை எத்தனை என்றுதான் கேட்கிறீர்கள். பணம் பிப்ரவரியில் வரும், மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களுக்கு இறக்குமதி வரியை 10இலிருந்து 150 விழுக்காடாக ஏற்றினார்கள். நாடு முழுக்க விஞ்ஞானிகள் அலறிய பிறகு சில நாட்களில் ஆய்வுக்கு மட்டும் பழையபடி ஆக்கினார்கள். கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்போம். லேபில் நிற்பவர்களை யாரும் கேட்பதில்லை.

சரி, அதெல்லாம் உங்கள் குழுவின் அதிகாரத்தில் இல்லை. இது இருக்கிறது. தொழிற்சாலைகளோடு சேர்ந்து செய்யும் திட்டங்களில் ரகசியம் கசியுமே என்று தயங்குவீர்கள். அவற்றுக்குச் சில ஆண்டுகள் விலக்குக் கொடுங்கள். கைப்பிழையால் தோற்றதையும் பதிந்துவிடுவார்களே என்றால், மூலப்பொருளின் தூய்மை, விகிதம், வெப்பநிலை, நேரம், படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர்) வரைபடம் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். படிக்கிறவர்கள் தாங்களே எடை போட்டுக்கொள்வார்கள். பதிந்ததற்காக யாருக்கும் அடுத்த திட்டம் மறுக்கப்படாது என்று எழுத்தில் கொடுங்கள். இந்த உறுதி இல்லாவிட்டால் ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

அடுத்த நிதியாண்டுக்கான அறிக்கைப் படிவத்தைத் திருத்தும்போது, தோற்ற சோதனைகளுக்கு ஒரு பகுதியைச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அரை மணி நேரம் ஒதுக்கினால், இதே சிக்கலில் இருக்கும் சில ஆய்வகத்தார் சேர்ந்து ஒரு மாதிரிப் படிவத்தோடு நேரில் வருகிறோம். தேதியை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிதியில் பணிபுரியும் ஒரு பைலட் பிளான்ட் (சோதனை ஆலை) பொறியாளர்