தீர்த்தமலைப் படியில்

கண்ணுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மாங்காய் சுமார்தான், பெங்களூரா பாதி காற்றில் கொட்டிவிட்டது. சரி, அதை எழுத உட்காரவில்லை.

தீர்த்தமலைப் படியில் பாதியில் நின்றாயே, முள் குத்திவிட்டது என்று காலைத் தூக்கிப் பார்த்தாய், கை என்னவோ நெஞ்சில்தான் இருந்தது. அம்மா கவனிக்கவில்லை. நான் பார்த்தேன், கேட்கவில்லை. ஊருக்குப் போனதும், பத்து வருடத்துக்கு ஹார்ட் அட்டாக் ரிஸ்க் 3 சதவீதம்தான் என்று கம்பெனி செக்கப் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாய். படிப்பிலும் இப்படித்தான், மார்க்கைக் காட்டியே வாயை அடைப்பாய்.

அதை டாக்டரிடம் காட்டினேன். வயது, பிரஷர், கொழுப்பு, சர்க்கரை, சிகரெட், இதெல்லாம் சேர்த்துப் போடும் கணக்காம். அமெரிக்கக்காரர்களை வைத்துப் போட்டது, நம்மவர்களுக்குக் குறைத்துக் காட்டலாம், அப்பாவுக்கு எப்படி என்று அதில் கேள்வியே கிடையாது என்றார். சிகரெட் கட்டத்தில் நீ என்ன போட்டாய் என்று நான் கேட்கவில்லை.

சந்தேகம் இருந்தால் கால்சியம் ஸ்கேன் எடுப்பார்களாம். ஊசி கிடையாது, மூச்சைப் பிடித்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். நம் போர்த் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிகிறதே, அதுபோல ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பை எண்ணிச் சொல்லும். பூஜ்யம் வந்தால் நல்லது, 100 தாண்டினால் பெரும்பாலும் மாத்திரைதான், 400 என்றால் ரொம்ப அதிகம். புகை பிடிக்கிறவனுக்குப் பூஜ்யம் வந்தாலும் நம்பிவிடக் கூடாதாம், கல்லாகாத கொழுப்பு அதில் தெரியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிற ஆளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, நேராக டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்றார். போய்க் காட்டு. இந்த வாரமே போய்க் காட்டு.

இன்னொன்று. உனக்குப் பெண் பார்த்த வருடம் சேலத்தில் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தேனே, வயிற்றில் கேஸ் என்று சொன்னேன். கேஸ் இல்லை. அட்டாக். ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு அப்போது 53. சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயந்து அம்மாவையும் வாய் திறக்க விடவில்லை. அப்பாவுக்கு 55க்கு முன்னால் வந்திருந்தால் பிள்ளைக்கு அது பெரிய விஷயமாம், பதினோரு வருடமாக உன் எல்லா ஃபாரத்திலும் 'இல்லை' என்று போட வைத்தவன் நான்தான். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை.

டிஸ்சார்ஜ் தாள் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது, டாக்டரிடம் கொடு. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானும் வருகிறேன். சட்டைப் பையைத் தடவ மாட்டேன்.

அப்பா