லாரி இன்ஜினை இறக்குவதற்கு முன்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். வர முடியவில்லையே என்று வீட்டில் இன்னும் வருத்தம்தான்.

சரி, லாரி விஷயத்துக்கு வருகிறேன். காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிப்பதில்லை, ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்கத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறாராம் மெக்கானிக். ரிங் தேய்ந்தாலும் இப்படித்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பரிசோதிக்காமல் இறக்க விடாதே.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அமுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. செல்ஃப் அடிக்கும்போது பையனை சைலன்சர் பக்கம் நிற்கச் சொல். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். அப்போது ரிங், வால்வு, வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி எல்லாவற்றையும் சந்தேகப்படலாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை.

எனக்கென்னவோ உன் வண்டியில் காற்று புகுகிறது என்றுதான் படுகிறது. டேங்க் கீழே, பம்ப் மேலே. நடுவில் உள்ள ஹோஸில் மயிரிழை விரிசலோ, தேய்ந்த செம்பு வாஷரோ இருந்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் இருக்கும். அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை.

நாளைக் காலை செல்ஃபைத் தொடுமுன், டீசலைக் கையால் ஏற்றும் கைபம்பை அழுத்து. முதலில் லொடலொடவென்று போகும், டீசல் நிரம்ப நிரம்ப இறுகும். ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, நுரை நின்று டீசல் சுத்தமாக வழியும்போதே முறுக்கிவிடு. பிறகு ஸ்டார்ட் செய். முதல் சுற்றிலேயே பிடித்தால் ரிங்கைக் குறை சொல்லாதே. ஹோஸையும் வாஷர்களையும் மாற்று. செலவு கொஞ்சம்தான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணியை வைத்து ஸ்டார்ட் செய்ய டிரைவரை விடாதே. நல்ல ரிங்கும் பிஸ்டனும் அதில் உடையும். நாசில் பீய்ச்சும் இடத்தில் யாரும் கை வைக்கவும் வேண்டாம், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பார்த்துவிட்டு போன் செய். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன், காம்ப்ரஷன், அதாவது காற்று சரியாக அமுங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் நண்பன்