48 கிலோ பட்டியல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கேட்டு வாட்ஸ்அப்பில் போட்டதற்கெல்லாம் நீலக் கோடு விழுகிறதே தவிர பதில் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சம்பா அறுவடை முடிந்துவிட்டது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு அப்பா ராத்திரியெல்லாம் தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், பனியோ விட்டபாடில்லை. பகலெல்லாம் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டே இருக்கிறார். 

உன் ஜூடோ போட்டி முடிவுகளைத் தம்பி போனில் எடுத்துக் காட்டினான். 48 கிலோவில் தங்கம், வெள்ளி, வெண்கலம் இரண்டு, அப்புறம் ஐந்தாம் இடம், ஏழாம் இடம் என்று அடிவரைக்கும் பார்த்தோம். முதல் சுற்றிலேயே இப்போனில், அதாவது ஆட்டத்தையே முடித்துவிடும் முழுப் புள்ளியில், விழுந்த பிள்ளைகளின் பெயர்கூட இருக்கிறது. தோற்றிருந்தால் உன் பெயரும் இருக்குமே பாப்பா. போவதற்கு முன்னால் நீ அனுப்பிய பட்டியலில் இருந்ததே.

நான் ஒன்றும் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் எடை பார்ப்பார்கள், நூறு கிராம் கூடினாலும் களத்தில் இறங்க முடியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். அப்பாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. டீக்கடையில் உன் படத்தை எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

தீபாவளிக்கு வந்தபோது மழை விட்ட வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெண்ணாற்றங்கரையில் ஓடினாய். பக்கத்து வீட்டு ஆச்சி, "மழைதான் விட்டுடுச்சே, இன்னும் ஏன் இந்தப் பொண்ணு கோட்டைக் கழட்டலே" என்று சிரித்தார். திரும்பி வந்தவள் சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, முற்றத்தில் துப்பினாய். ஒரு மிடறு உள்ளே போகவில்லை. உதடெல்லாம் வெடித்திருந்தது. அதிரசத்தைப் பிட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தாய். அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அப்பா நெல்லைத் துழாவும்போதெல்லாம், உன்னையும் இப்படித்தான் காயவைத்துத் தராசில் ஏற்றுகிறார்களோ என்று இருக்கிறது.

தண்ணீர் குடி. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்னைவிட ஒரு முழம் உயரமானவளைச் செயோ நாகே வீச்சில் முதுகில் ஏற்றிப் போட்டாயே, அன்றைக்கு எனக்குக் கைதட்டக்கூடத் தோன்றவில்லை. இது என் வயிற்றில் பிறந்ததுதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படிப்பட்டவளுக்கு அம்மாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை. உன் வெள்ளை உடுப்பை நானும் தம்பியும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்து காயப்போட்ட காலத்தில் மட்டும் அம்மா வேண்டியிருந்தது.

ராத்திரி தம்பி என்னென்னவோ படித்துக் காட்டினான். கொசோவோ நாட்டுப் பெண் டிஸ்ட்ரியா கிராஸ்னிகி டோக்கியோ ஒலிம்பிக்கில் 48 கிலோவில் தங்கம் வாங்கியவளாம். அவளே 2024இல் பாரிஸில் 52 கிலோவில் இறங்கி வெள்ளி வாங்கினாளாம். மணிப்பூர்ப் பெண் லிந்தோய் சனம்பம் 2022இல் சரயேவோவில் நடந்த, சின்ன வயதுப் பிள்ளைகளுக்கான கேடட் உலகப் போட்டியில் 57 கிலோவில் தங்கம் வாங்கியபோது நீ அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாயே. அவள் 2025இல் லிமாவில் ஜூனியர் போட்டியில் வெண்கலம் வாங்கியது 63 கிலோவில். வளருகிற பிள்ளை, கூடத்தானே செய்யும். உன் பயிற்சியாளர் பேச்சில் நான் தலையிடவில்லை, அவருக்குத் தெரியாததா. சும்மா எழுதினேன்.

1996இல் கொரியா நாட்டு ஜூடோ வீரர் ஒருவர் எடை குறைக்கப் போய் உயிரையே விட்டார் என்றும் படித்தான். நிறுத்துடா என்று போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், சரி, இருக்கட்டும்.

ஜப்பான் பெண் உதா அபே பாரிஸில் இரண்டாவது சுற்றில் தோற்று, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அழுதாளே, நினைவிருக்கிறதா? "உலகமே பார்க்குது, இப்படியா அழுவாங்க" என்றாய். அழுதால் என்ன? அடுத்த வருடமே புடாபெஸ்டில் உலகப் பட்டம் வாங்கிவிட்டாள். நீயும் போன் போட்டு அழு. நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். தண்ணீர் மட்டும் குடித்தாயா என்று கேட்பேன்.

ஆலங்குடிக்குப் போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். பார்சலில் எள்ளுருண்டையும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கின்றன. பக்கத்து அறைப் பிள்ளைகளுக்குக் கொடு, ஆனால் நீயும் தின்ன வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு: அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது எந்தக் கிலோ என்று எனக்கு ஒரு வரி போடு. இப்போதிருக்கும் உடுப்பு தோளில் பிடிக்கும் என்றால் அதையும் சொல். நெல் பணம் வந்ததும் புதிது வாங்க அப்பா அனுப்புவார்.