அப்பாவின் கைநாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாளை ஒட்டி வந்த கட்டுரையில் மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ள அன்பும் பொறுமையும் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரி, இருக்கட்டும். எனக்குப் பிரச்சினை கையெழுத்து.

அப்பாவுக்கு 81 வயது, மறதி நோய். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்தவர். என் ரேங்க் கார்டைக்கூட ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இப்போது பேனாவைக் கொடுத்தால் இனிஷியலோடு நின்றுவிடுகிறது, மிச்சமெல்லாம் கோடு. பென்ஷன் அவர் கணக்கில் வருகிறது. டயபர், மாத்திரை, பகலில் துணைக்கு வரும் அக்காவின் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான்.

நோய் தொடங்கியபோதே, தன் சார்பில் கையெழுத்துப் போட எனக்குப் பவர் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தார். எழுதிக்கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போனால் பவரும் போய்விடும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு அப்படித்தான் என்றார் வக்கீல். குடை மழை வந்ததும் தானாக மடங்கிக்கொள்கிற மாதிரி. உயர் நீதிமன்றத்துக்குப் போய் கார்டியன் ஆகலாமாம். அதற்கு ஆகும் செலவும் அந்தப் பென்ஷனிலிருந்துதான் வரவேண்டும்.

கடைசியில் வங்கியிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். கைநாட்டு, இரண்டு சாட்சி. அவர் மேல் குறை சொல்ல மாட்டேன், முறைப்படிதான் செய்தார். முறை தவறியது நான். அப்பா விரலை மடக்கிக்கொண்டு "எதுக்கும்மா?" என்றார். பணம் எடுக்க என்றால் "என் பணத்தை யாரும் தொடக்கூடாது" என்று கத்துவார். "லைஃப் சர்டிபிகேட்பா, நவம்பர் வந்தாச்சு" என்றேன். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் கொடுக்கிற சான்று அது. நவம்பருக்கு இன்னும் பல மாதம் இருந்தது. உடனே விரலை நீட்டிவிட்டார். அன்று மாலை வரை அந்த மையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் பணம் அவருக்குத்தானே செலவாகிறது என்கிறான் கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி. வேண்டாம் என்று கத்துகிறவரும் அப்பாதானே என்று நான் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் மாவட்டக் குழுவே கார்டியனை நியமிக்கிறது. மறதி நோய்க்கும் அப்படி ஒரு வழி வேண்டும். வருடா வருடம் கணக்குக் கேட்கட்டும். மருந்துக்கடை பில் உட்பட எல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவில் தேதிவாரியாக வைத்திருக்கிறேன். அதுவும் அப்பா கற்றுக்கொடுத்ததுதான்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
வில்லிவாக்கம், சென்னை - 49