அப்பாவின் கணக்கு நோட்டில் எழுத வேண்டியவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன வியாழக்கிழமை அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சாமியானாவைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை எண்ணி அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோதுதான், இத்தனை பேர் செய்ததற்கு யாருக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லையே என்று உறைத்தது. அப்பா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அம்மா எதிர்வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்கினால்கூட நோட்டில் குறித்து வைத்து, சம்பளத்தன்று முதல் வேலையாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற மனிதர்.

தெருவில் பலருக்கு அவரை 'நேவிக்காரர்' என்றுதான் தெரியும். 1968-ல் பதினெட்டு வயதில் சேர்ந்தார். ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலில், கொதிகலன் அறையில் வேலை. 1971 போரில் அந்தக் கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் விட்டிருந்ததால் மூன்றை மட்டும் வைத்துத்தான் வங்கக் கடலில் ஓட்டினார்கள். மேலே இருந்து விமானங்கள் சிட்டகாங்குக்கும் காக்ஸ் பஜாருக்கும் பறந்தன, நாங்கள் கீழே வியர்வையில் நின்று பிரஷர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பார். அதற்கு மேல் போரைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் வீட்டில் குக்கர் போட்டால், விசில் வருவதற்கு முன்பே அந்தச் சத்தத்தை வைத்து "வாஷர் போயிடுச்சும்மா, மாத்து" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

1983-ல் பென்ஷனோடு வந்தவர் ஓய்வாக உட்காரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் 27 வருஷம் பாய்லர் ஆபரேட்டர். பெரம்பூரிலிருந்து சைக்கிளில்தான் போவார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்து, எங்கள் மூன்று பேரையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் படுப்பார். அவர் தூங்கி நான் பார்த்ததே குறைவு.

2014-ல் விக்ராந்தை உடைக்க விற்றுவிட்டார்கள் என்று செய்தி வந்த இரவு அவர் சாப்பிடவில்லை. அப்புறம் அந்த இரும்பைச் சேர்த்து பஜாஜ் வி வண்டி செய்திருக்கிறார்கள் என்று தெரிந்து, பக்கத்து வீட்டுத் தம்பி அதை வாங்கி வந்தபோது, கிட்டே போய் பெட்ரோல் டேங்க் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். தம்பி, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த 19 நாளும் மருந்து, ரிப்போர்ட், எங்களுக்குச் சாப்பாடு எல்லாம் நீ கொண்டுவந்தது அதே வண்டியில்தான். ஒருநாள் ஜன்னல் வழியாக வண்டிச் சத்தம் கேட்டு "அவன் வந்துட்டான்" என்றார். உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

பி நெகட்டிவ் ரத்தம் கிடைக்காமல் நாங்கள் அலைந்த ராத்திரி, பேர்கூடச் சொல்லாமல் வந்து கொடுத்துவிட்டுப் போன நான்கு பேருக்கு நன்றி. பில் கட்டாமல் அடுத்த வேலை நடக்காது என்று கவுன்ட்டரில் கறாராகச் சொன்னபோது, சீட்டுப் பணத்தை அப்படியே எடுத்து என் கையில் வைத்த எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி. அப்பாவின் முகத்தை வழித்துவிட்டு "தாத்தா, இப்ப டியூட்டிக்குப் போகலாம்" என்று சிரிக்க வைத்த நர்ஸ் தங்கச்சிக்கும்.

கூட வேலை பார்த்த நேவி பெரியவர்கள் நான்கு பேர் வந்தீர்கள். ஒருவர் தாம்பரத்திலிருந்து, எண்பது வயதில், மின்சார ரயில் ஏறி. தெரு முனையில் வரிசையாக நின்று நீங்கள் சல்யூட் வைத்தபோதுதான் அம்மா முதன்முதலாக வாய்விட்டு அழுதார். அதுவரை அவர் அழவே இல்லை என்று நாங்கள் பயந்துபோயிருந்தோம்.

காசிமேட்டு அண்ணன்மார்களே, அஸ்தியைக் கரையிலேயே கரைத்துவிடலாம் என்று நாங்கள் சொன்னதற்கு "கப்பல்காரரை அலையில விடக்கூடாது" என்று படகில் ஆழம் வரைக்கும் கூட்டிப்போனீர்கள். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாரும் தலைத் துண்டை எடுத்தீர்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

அக்கா, சீட்டுப் பணம் ஒன்றாம் தேதி வந்துவிடும், நோட்டில் எழுதிவிட்டேன். அப்புறம், யாரோ விட்டுப்போன ஒரு கறுப்புக் குடையும், அடியில் 'சா' என்று போட்ட எவர்சில்வர் வாளியும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு காபியும் குடித்துவிட்டுப் போகலாம்.